உடலை அறிந்துகொள்ளும் சோதனைகள்

(அறக்கட்டளையின் கல்வி உதவித்தொகை வழங்கும் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை. வர முடியாத பெற்றோர் சிலர் கேட்டுக்கொண்டதால் இங்கே தரப்படுகிறது.)



இந்த ஆண்டு உதவி பெறுகிறவர்களில் நர்ஸிங், பிசியோதெரபி, லேப் டெக்னீஷியன், மருத்துவம் என்று உடல் சம்பந்தப்பட்ட படிப்புக்குப் போகிறவர்கள் அதிகம். அல்ஹம்துலில்லாஹ். ஆனால் விண்ணப்பம் கொடுக்க வந்த ஒரு தாய் என்னிடம் கேட்டார்: "பாய், உடலியங்கியல்னு ஒரு பாடம் இருக்காமே, அதுல தவளையை உயிரோட அறுக்கணுமாமே. எம் பொண்ணு நாலு நாளா சரியா சாப்பிடல. நம்ம மார்க்கத்துல இதுக்கு இடம் இருக்கா? இல்லைன்னா படிப்பை மாத்திடலாமா?"

அந்த அம்மாவுக்கு அன்றே சுருக்கமாகப் பதில் சொன்னேன். இது பல வீடுகளில் உள்ள கேள்வி என்பதால் இன்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல நினைக்கிறேன்.

முதலில் தவளை. நான் விலங்கியல் படித்த காலத்தில் எங்கள் கல்லூரிக்குத் தவளை வந்தது சாக்குப் பையில். சோழவந்தான் பக்கம், மேலூர் பக்கம் நெல் வயல்களில் மழைக்காலத்து இரவில் விளக்கு பிடித்துக்கொண்டு போய்ப் பிடிப்பார்கள். நம் வயல் வரப்பில் கிடக்கும் பச்சைத் தவளைதான். மருத்துவக் கல்லூரிகளில் முதலாண்டு மாணவர்கள் அதன் மூளையையும் தண்டுவடத்தையும் ஊசியால் செயலிழக்கச் செய்துவிட்டு, கெண்டைக்கால் தசையை நரம்போடு பிரித்தெடுப்பார்கள். தசையில் ஒரு நெம்புகோலைக் கட்டி, புகை படிந்த தாள் சுற்றிய உருளையின் மேல் அதன் முனையைத் தொட வைப்பார்கள். நரம்புக்கு மின்சாரம் கொடுத்தால் தசை சுருங்கும், புகைத்தாளில் மலை போல ஒரு கோடு விழும். சூடு கொடுத்தால் கோடு எப்படி மாறுகிறது, திரும்பத் திரும்பத் தூண்டினால் தசை எப்படிக் களைத்துப் போகிறது, இதயத்தில் எங்கே நூல் கட்டினால் துடிப்பு நிற்கிறது என்றெல்லாம் பார்ப்பார்கள். அந்த உருளைக் கருவியை ஜெர்மனியில் கார்ல் லுட்விக் 1847இல் செய்தார். ஏறத்தாழ 150 ஆண்டுகள் உலகம் முழுக்க அதே பாடம்தான் நடந்தது. 1954இல் தொடங்கிய நம் மதுரை மருத்துவக் கல்லூரிக்கும் முந்திய வழக்கம் அது.

இப்போது நிலைமை வேறு. எம்.பி.பி.எஸ். மாணவர்களின் உடலியங்கியல், மருந்தியல் பாடங்களில் விலங்குகளுக்குப் பதிலாகக் கணினி வழிப் பாடத்தை வைக்கும்படி 2014இல் இந்திய மருத்துவக் கவுன்சில் விதியை மாற்றியது. 2019இல் வந்த புதிய பாடத்திட்டத்தில் தவளைத் தசைச் சோதனையும் தவளை இதயச் சோதனையும் கணினித் திரையில் பார்த்துத் தெரிந்துகொள்பவையாகத்தான் இருக்கின்றன. கலை அறிவியல் கல்லூரிகளில் விலங்கியல் மாணவர்கள் அறுப்பதையும் பல்கலைக்கழக மானியக் குழு 2011இல் குறைக்கச் சொல்லி, 2014இல் நிறுத்தச் சொன்னது. ஆகவே அந்தப் பெண் பிள்ளை பயந்த காரியம் இன்று அவளுடைய மேஜைக்கு வரப்போவதில்லை.

ஆனால் "இப்போது இல்லை, கவலை வேண்டாம்" என்று அத்தோடு விட்டுவிட எனக்கு மனமில்லை. மார்க்கத்தில் இடம் இருக்கிறதா என்றல்லவா அந்தத் தாய் கேட்டார்?

ஒரு மருத்துவர் மருந்தில் தவளையைச் சேர்ப்பது பற்றி நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார். தவளையைக் கொல்வதை நபியவர்கள் தடுத்தார்கள். அபூதாவூதில் பதிவான செய்தி இது. கேட்டவர் மருத்துவர், அவர் கேட்டதும் மருந்துக்காக என்பதைக் கவனியுங்கள். பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண்ணின் முடிவைப் பற்றிய ஹதீஸை மக்தபில் ஓதிய எல்லோரும் அறிவோம். இன்னொரு பக்கம், நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்று கட்டளையிட்டதும் அதே நபியவர்கள்தான். மனித உயிரைக் காக்கும் அவசியத்துக்காக, வலியைக் குறைத்து, தேவையான அளவுக்கு மட்டும் விலங்கில் சோதனை செய்யலாம் என்று சொல்லும் அறிஞர்கள் உண்டு. ஃபத்வா சொல்வது என் வேலையல்ல. ஹஸ்ரத்மார்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள், அவர்களிடம் கேளுங்கள். என் தனிப்பட்ட எண்ணத்தைச் சொல்கிறேன். புதிதாக ஒரு மருந்தைக் கண்டுபிடிக்க ஒரு உயிரை எடுப்பது ஒன்று. 150 வருடமாக எல்லோருக்கும் விடை தெரிந்த கேள்விக்கு, ஒவ்வொரு வகுப்பிலும் ஐம்பது தவளையைக் கொல்வது வேறொன்று. அந்த இரண்டாவதை நிறுத்தியது நல்ல காரியம். நம் நாட்டுச் சட்டமும் இந்த வேறுபாட்டைப் பார்க்கிறது. 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் அறிவுக்கான சோதனையைத் தடை செய்யவில்லை. ஆனால் தவிர்க்க முடிந்த இடத்தில் தவிர்க்க வேண்டும், மயக்க மருந்து கொடுக்க வேண்டும் என்கிறது.

நம் முன்னோரில் ஒருவரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். இப்னு நஃபீஸ், 1213இல் டமாஸ்கஸ் பகுதியில் பிறந்து கெய்ரோவில் மருத்துவராக இருந்தவர், ஃபிக்ஹும் படித்தவர். அதுவரை கிரேக்க மருத்துவர் காலன் சொன்னதையே எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இதயத்தின் வலது அறைக்கும் இடது அறைக்கும் நடுவிலுள்ள சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு, இரத்தம் அதன் வழியே போகிறது என்பது காலன் சொன்னது. இப்னு நஃபீஸ் இல்லை என்றார். அந்தச் சுவர் கெட்டியானது, துளை கிடையாது. இரத்தம் வலது அறையிலிருந்து நுரையீரலுக்குப் போய், காற்றோடு கலந்து, இடது அறைக்கு வருகிறது என்று எழுதினார். அவர் எழுதிய பிரதி பெர்லின் நூலகத்தில் தூங்கிக்கொண்டிருந்ததை 1924இல் ஓர் எகிப்திய மருத்துவர்தான் கண்டெடுத்தார். எனக்கு அதைவிடப் பெரிதாகப்படுவது ஒன்று உண்டு. ஷரீஅத்தும் தன் உள்ளத்து இரக்கமும் உடலை அறுப்பதிலிருந்து தன்னைத் தடுத்தன என்று அவரே தன் நூலில் குறிப்பிடுகிறார். அவர் எந்த அளவுக்கு நேரில் பார்த்தார் என்று வரலாற்று ஆசிரியர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். ஆனால் இரக்கம் இருந்தால் அறிவியல் வராது என்று யாராவது சொன்னால் அவர் பெயரைச் சொல்லுங்கள்.

அதற்காக விலங்குகளுக்கு நாம் பட்டிருக்கும் கடனை மறைக்கவும் கூடாது. 1733இல் இங்கிலாந்தில் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற பாதிரியார் ஒரு சோதனையை எழுதி வெளியிட்டார். ஒரு குதிரையைப் படுக்க வைத்துக் கட்டி, அதன் தமனியில் குழாய் செருகி, நெட்டுக்குத்தாகக் கண்ணாடிக் குழாயைப் பொருத்தினார். இரத்தம் 8 அடி 3 அங்குலம் ஏறியது. இரத்தத்துக்கு அழுத்தம் உண்டு என்று அளந்து காட்டியது அந்தக் குதிரை. 1896இல் இத்தாலியில் ரிவா ரோச்சி கையில் கட்டும் பட்டையைக் கொண்டுவந்தார். 1905இல் ரஷ்ய மருத்துவர் கொரோட்கோவ், பட்டைக்குக் கீழே ஸ்டெதஸ்கோப் வைத்தால் சத்தம் கேட்பதைச் சொன்னார். இன்று நம் மருத்துவ முகாமில் உங்கள் கையில் பட்டையைச் சுற்றி அரை நிமிடத்தில் பி.பி. பார்க்கிறோமே, அந்த வரிசையின் முதல் ஆள் அந்தக் குதிரைதான்.

தவளையும் அப்படித்தான். 1921இல் ஓட்டோ லோவி இரண்டு தவளை இதயங்களை உப்பு நீரில் துடிக்க விட்டார். ஒன்றின் நரம்பைத் தூண்டி அதன் துடிப்பைக் குறைத்தார். பிறகு அதைச் சுற்றியிருந்த நீரை எடுத்து இரண்டாவது இதயத்தில் விட்டார். அதை யாரும் தொடவில்லை, ஆனாலும் அதன் துடிப்பும் குறைந்தது. நரம்பு ஒரு வேதிப்பொருளைச் சுரந்துதான் பேசுகிறது என்பது அப்படித் தெரிந்தது. இந்த யோசனை தனக்குத் தூக்கத்தில் கனவாக வந்தது என்று அவர் சொல்வார். 1936இல் நோபல் பரிசு கிடைத்தது.

நம் மாநிலத்துக் கதை ஒன்று, குன்னூரில் நடந்தது. வெள்ளைக்கார மருத்துவர் ராபர்ட் மெக்காரிசன் 1920களில் அங்கே வெள்ளெலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார். இந்தியாவின் பல பகுதி மக்கள் சாப்பிடுவதை அப்படியே சமைத்து, ஒவ்வொரு கூட்டம் எலிக்கும் ஒரு பகுதியின் சாப்பாடு. முழுக் கோதுமைச் சப்பாத்தி, பால், நெய், பருப்பு, காய், எப்போதாவது இறைச்சி என்று சீக்கியர் சாப்பாடு தின்ற எலிகள்தான் நன்றாக வளர்ந்தன. தீட்டிய அரிசியை முக்கியமாக வைத்த மதராஸிச் சாப்பாடு தின்றவை கடைசி இடம். சிரிக்காதீர்கள், எலி சொன்னது நம்மைப் பற்றித்தான்! எலிக்கு நடந்தது மனிதனுக்கு அப்படியே நடக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாதுதான். ஆனாலும் தட்டு நிறையத் தீட்டிய அரிசிச் சோறு, ஓரத்தில் ஒரு கரண்டி காய் என்று நூறு வருடம் கழித்தும் நம் வீடுகள் மாறவில்லை. அந்த ஆய்வுக்கூடம் 1958இல் ஹைதராபாத்துக்குப் போனது. இன்று அதுதான் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம்.

இனி நம் மதுரைக்கு வருகிறேன். பிள்ளைகள் பலருக்கு இது தெரியாது. தேனி ரோட்டில் போகும்போது காமராஜர் பல்கலைக்கழகத்தைப் பார்க்கிறீர்கள். அதற்குப் பக்கத்தில்தான் கீழக்குயில்குடி சமணமலை. எம்.கே. சந்திரசேகரன் என்ற பேராசிரியர் ஜெர்மனியில் ஆய்வு செய்துவிட்டு வந்து, இந்தப் பல்கலைக்கழகத்தில் உயிரினங்களின் உடல் கடிகாரத்தைப் பற்றி ஆராய்ந்தார். அவரும் அவரது மாணவர்களும் எடுத்துக்கொண்டது குகையிலுள்ள வௌவால்கள். வெளிச்சமே எட்டாத குகையின் ஆழத்தில் தொங்கும் வௌவாலுக்கு மஃரிப் ஆகிவிட்டது என்று எப்படித் தெரிகிறது? சில வௌவால்களைக் கூண்டில் வைத்து, குகையின் இருட்டிலேயே விட்டு, அவை எப்போது சிறகடிக்கின்றன என்று பதிவு செய்தார்கள். சுற்றிலும் கூட்டம் சுதந்திரமாகப் போய் வந்துகொண்டிருந்தபோது, கூண்டிலிருந்தவையும் சரியாக அதே நேரத்தில் சிறகடித்தன. கூட்டம் இல்லாத இடத்தில் வைத்தபோது அவற்றின் நேரம் நாளுக்கு நாள் விலகிப் போனது. ஆக, வௌவால் சூரியனைப் பார்க்காவிட்டாலும் தன் ஜமாஅத்தைப் பார்த்து நேரத்தைச் சரிசெய்துகொள்கிறது. 1981இல் இது வெளிவந்தது. இதற்கு ஒரு வௌவாலைக்கூட அறுக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

அத்தோடு நிற்கவில்லை. ஜெர்மனியில் ஆண்டெக்ஸ் என்ற ஊரில் 1960களில் நிலத்தடி அறை கட்டி மனிதர்களைக் கடிகாரம் இல்லாமல் வாழவைத்துப் பார்த்தார்கள். அதுபோன்ற தனிமை அறை ஒன்றை மதுரையிலும் அமைத்தார்கள். ஜன்னல் இல்லை, கடிகாரம் இல்லை, பத்திரிகை இல்லை, வானொலி இல்லை. பாங்குச் சத்தமும் எட்டாது. தாமாக முன்வந்தவர்கள் அதில் தனியாக இருந்தார்கள். தூக்கம் வந்தால் தூங்கலாம், விழிப்பு வந்தால் எழலாம். இப்படி இருந்தால் மனித உடலின் நாள் 24 மணி நேரத்துக்குச் சற்று மேலே போகிறது என்பது உலகம் முழுக்கக் கண்டது. தினமும் அதை இழுத்துச் சரி செய்வது சூரியனும் சுற்றியிருப்பவர்களும்தான். மதுரை அறையில் ஒரு பெண்ணை வைத்துச் செய்த ஆய்வு 1991இல் வெளிவந்தது. தூக்கம் விழிப்பின் சுழற்சியோடு மாதச் சுழற்சி பிணைக்கப்படவில்லை, அது தனி வழியில் போகிறது என்று அதில் கண்டார்கள். இரத்த ஓட்டம், மூச்சு, செரிமானம் என்று தனித்தனிப் பாடமாகப் படிக்கிறோம். இந்தக் கடிகாரம் அத்தனைக்குள்ளும் ஓடுகிறது. ரமளானில் விடிய விடிய நண்பர்களோடு பைக்கில் சுற்றிவிட்டு, ஸஹர் முடித்து, லுஹர் வரை தூங்கும் தம்பிகள் இதைக் காதில் போட்டுக்கொள்ளவும். உடல் அதற்குக் கணக்கு வைத்திருக்கிறது.

இப்போது மனிதர் மீதான சோதனை பற்றி ஒரு வார்த்தை. இது நம் வீட்டுக்கு நேராக வரும் விஷயம். 1822இல் அமெரிக்காவில் அலெக்ஸிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற கூலித் தொழிலாளிக்கு வயிற்றில் குண்டு பாய்ந்தது. பிழைத்துவிட்டான், ஆனால் இரைப்பையில் ஒரு துளை மூடாமல் நின்றுவிட்டது. மருத்துவர் போமான்ட் அதன் வழியே இறைச்சித் துண்டைப் பட்டு நூலில் கட்டி உள்ளே விட்டு, எடுத்து எடுத்துப் பார்த்தார். செரிமானம் பற்றி 238 சோதனைகள். 1833இல் புத்தகம் வந்து அவர் புகழ் பெற்றார். அந்தத் தொழிலாளி ஏழையாகவே இருந்து 1880இல் இறந்தபோது, மருத்துவர்கள் உடலைக் கேட்டுவிடுவார்கள் என்று பயந்து, குடும்பத்தார் உடல் கெட்டுப்போகும்வரை வைத்திருந்துதான் அடக்கம் செய்தார்கள். அந்தக் குடும்பத்தின் கோபம் எனக்குப் புரிகிறது.

நம் ஊர் ஆஸ்பத்திரிகளிலும் புதிய மருந்துகளின் சோதனைக்கு நோயாளிகளைச் சேர்ப்பது உண்டு. அது தப்பில்லை. யாரும் சேராவிட்டால் நாளைக்கு யாருக்கும் மருந்து இல்லை. ஆனால் 2019ஆம் ஆண்டின் விதிகள்படி, உங்களுக்குப் புரியும் மொழியில் எல்லாம் விளக்கி, எழுத்து மூலம் சம்மதம் வாங்க வேண்டும். சோதனையால் பாதிப்பு வந்தால் மருத்துவமும் இழப்பீடும் உண்டு. பாதியில் விலகவும் உரிமை உண்டு. ஆகவே, "இங்க ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா" என்று யாராவது தாளை நீட்டினால், தமிழில் தாளைக் கேளுங்கள், வீட்டுக்குக் கொண்டுவந்து படித்த பிள்ளையிடம் காட்டுங்கள். நம் அலுவலகத்துக்குக் கொண்டுவந்தாலும் சரி, வாசித்துச் சொல்கிறோம்.

கல்லூரி ஆய்வுக்கூடத்தில் பிள்ளைகள் இன்று செய்வதும் மனிதர் மீதான சோதனைதான், ஆனால் பயப்பட ஒன்றும் இல்லை. ஒருவர் நாடியை ஒருவர் எண்ணுவது, பி.பி. பார்ப்பது, முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டிக் கால் உதைப்பதைப் பார்ப்பது, ஊதி மூச்சின் அளவை அளப்பது, விரலில் குத்தி ஹீமோகுளோபினும் இரத்த வகையும் பார்ப்பது, இவ்வளவுதான். பெண் பிள்ளைகள் தங்களுக்குள்ளேயே செய்துகொள்ள வசதி கேட்கலாம், பெரும்பாலும் செய்து தருகிறார்கள். கூச்சத்துக்காகப் படிப்பை நிறுத்தாதீர்கள். நம் வீட்டுப் பெண்களுக்குப் பெண் மருத்துவர்தான் வேண்டும் என்று கேட்பதும் நாம், பெண் பிள்ளையை அந்தப் பாடத்துக்கு அனுப்பத் தயங்குவதும் நாம் என்றால் எப்படி?

கடைசியாக அந்த விரல் குத்து. நான் இன்று பேச ஒத்துக்கொண்டதே இதற்காகத்தான்.

1921இல் டொரன்டோவில் பான்டிங்கும் பெஸ்டும் நாய்களின் கணையத்தை எடுத்துச் சர்க்கரை நோயை உண்டாக்கி, கணையச் சாறு கொடுத்து அதைக் குறைத்துக் காட்டினார்கள். 1922 ஜனவரியில் லியோனார்ட் தாம்ஸன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் இன்சுலின் ஊசி போட்டார்கள். பிறகு அறுபது ஆண்டுகள் மாட்டுக் கணையத்திலிருந்தும் பன்றிக் கணையத்திலிருந்தும் எடுத்தார்கள். அதனால்தான் நம் நன்னாமார் சிலர் "அது ஹராம்" என்று ஊசியே வேண்டாமென்றார்கள். 1982 முதல் நுண்ணுயிர்களைக் கொண்டு செய்த மனித இன்சுலின் வந்துவிட்டது. இன்று கடையில் கிடைப்பது பெரும்பாலும் அந்த வகைதான். சந்தேகம் இருந்தால் மருந்துக்கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். ஊசியை நிறுத்தாதீர்கள்.

ரமளான் நெருங்குகிறது. நோன்பு நேரத்தில் நல்ல உடம்பு என்ன செய்கிறது? சாப்பிட்ட சர்க்கரை தீர்ந்ததும் கல்லீரல் தன் சேமிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது, இன்சுலின் தானாகக் குறைகிறது. சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவருக்கு அந்தக் குறைப்பு நடக்காது. மருந்து தன் பாட்டுக்கு வேலை செய்யும், சர்க்கரை விழுந்துகொண்டே போகும். 2001இல் 13 நாடுகளில் 12,243 சர்க்கரை நோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் அளவுக்குச் சர்க்கரை குறைவது, ரமளானில் முதல் வகையினருக்கு 4.7 மடங்கும் இரண்டாம் வகையினருக்கு 7.5 மடங்கும் கூடியிருந்தது. நோயாளிக்கும் பயணிக்கும் அல்லாஹ்வே சலுகை கொடுத்திருக்கிறான். அந்தச் சலுகையை எடுத்துக்கொள்வதை வெட்கமாக நினைக்கும் பெரியவர்கள் நம்மில் அதிகம். டாக்டரிடம் சொல்லாமல் மாத்திரையைத் தாங்களே பாதியாக்கிக்கொள்பவர்கள் அதைவிட அதிகம்.

விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தால் நோன்பு முறியும் என்று நம் தெருக்களில் ஒரு பேச்சு இருக்கிறது. முறியாது என்று ஆலிம்கள் பலரும் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். மேடையில் இருக்கும் ஹஸ்ரத் அவர்களிடமும் கேட்டுவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன். பகலில் வியர்வை, நடுக்கம், படபடப்பு, பேச்சுக் குழறல் வந்தால் அஸர் எப்போது, மஃரிப் எப்போது என்று பார்த்துக்கொண்டிருக்காமல் விரலில் குத்திப் பாருங்கள். 70க்குக் கீழே வந்தால், அல்லது 300க்கு மேலே போனால், அந்த நோன்பை விட்டுவிட வேண்டும் என்பது மருத்துவர்கள் வகுத்திருக்கும் அளவு. பிறகு களாச் செய்துகொள்ளலாம். செய்ய இயலாதவருக்கு ஃபித்யா இருக்கிறது.

இதற்காக ஷஃபான் பிறை 15க்குப் பிறகு வரும் முதல் ஞாயிறு, ஃபஜ்ரு தொழுகை முடிந்ததும், நம் அலுவலக மாடியில் சர்க்கரை, பி.பி. பார்க்கும் முகாம் வைத்திருக்கிறோம். வெறும் வயிற்றோடு வரவும். சாப்பிடும் மாத்திரைகளை அட்டையோடு கொண்டுவரவும், பெயர் தெரியாமல் "வெள்ளை மாத்திரை, சின்னது" என்றால் டாக்டரால் ஒன்றும் செய்ய முடியாது. பெண்களுக்குப் பெண் மருத்துவர் வருகிறார். விரலில் குத்துவதும் பி.பி. பார்ப்பதும் நம் உதவித்தொகை பெற்றுப் படிக்கும் பிள்ளைகள்தான், இன்ஷா அல்லாஹ். தவளைக்குப் பயந்து நாலு நாள் சாப்பிடாத அந்தப் பிள்ளையும் பெயர் கொடுத்திருக்கிறாள். நன்னி, நன்னாமார் கையை நீட்டும்போது கொஞ்சம் பொறுமையாக நீட்டுங்கள், அவர்களுக்கு அதுதான் முதல் சோதனை.